ஐம்பது கார்டுக்குப் பேர் சொல்கிறான், தண்ணீர் கேட்கத் தெரியவில்லை

பதிவு நீளமாக இருக்கும். பணி ஓய்வு பெற்ற டீச்சருக்குப் பீரியட் முடிந்தது என்று மணி அடிக்க ஆள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். "சுருக்கமா எழுதுங்க டீச்சர்" என்று எப்போதும் சொல்கிற என் பழைய மாணவர்கள் இதை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள். உங்களில் சிலர் வீட்டில் இந்தப் பிரச்சினை இருக்கிறது. எனக்குத் தெரியும்.

போன வாரம் நான் இருக்கிற மூன்று வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே வீடியோ வந்தது. ஐந்து வயது இருக்கும் ஒரு ஆட்டிசம் பையன். சின்ன மேசை, எதிரே ஒரு இளம்பெண், கையில் படக் கார்டுக் கட்டு. "வாட் இஸ் திஸ்?" "ஆப்பிள்." "குட் ஜாப்!" வாயில் ஒரு துணுக்கு சாக்லேட். "வாட் இஸ் திஸ்?" "எலிஃபண்ட்." "சூப்பர்!" இப்படி ஐம்பது கார்டு. முடிவில் நிலையத்தின் பெயர், போன் நம்பர், "பேசாத குழந்தைகளைப் பேச வைக்கிறோம், ஆட்டிசம் குணமாகும்" என்று ஒரு வரி. கீழே எல்லோரும் கைகூப்பியும் பூ வைத்தும் வாழ்த்தியிருந்தார்கள். நான் மட்டும், "அந்தப் பிள்ளை இவ்வளவு நேரத்தில் தானாக ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே" என்று எழுதினேன். அவ்வளவுதான். "நெகட்டிவா பேசாதீங்க டீச்சர்." "சயின்டிஃபிக் தெரபி இது, உங்க காலத்து ட்ரெய்னிங் இல்ல." ஒருவர், "உங்களுக்கு இதுல என்ன தெரியும்?" என்றே கேட்டுவிட்டார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். மருத்துவரும் இல்லை, தெரபிஸ்டும் இல்லை. 1980களின் ஆரம்பத்தில் கல்வி உளவியல் தாளில் பாவ்லோவின் நாய், தார்ன்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் புறா மூன்றையும் மனப்பாடம் செய்து பத்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள். ஆட்டிசம் என்ற சொல்லை அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனைக்கும் லியோ கானர் அதை எழுதி வைத்தது 1943லேயே. அப்புறம் 34 வருடம் சர்வீஸ். அதில் நான் செய்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

சர்வீஸின் ஆரம்ப வருடங்களில், இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். "ஏன்டா லேட்டு?" என்றால் "ஏன்டா லேட்டு" என்பான். "என்ன சொன்னேன்?" என்றால் "என்ன சொன்னேன்" என்பான். பிள்ளைகள் சிரிக்கும். என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்து மூன்று நான்கு தடவை பிரம்பால் அடித்தேன். அழுதான், அழும்போதும் நான் திட்டிய வார்த்தையையே திருப்பிச் சொல்லி அழுதான். பொங்கல் லீவுக்குப் பிறகு அவன் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பேச்சின் முதல் படி என்று இருபது வருடம் கழித்து ஒரு பணியிடைப் பயிற்சியில் சொன்னார்கள். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது எங்கள் தெருப் பையன் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். அவன் அம்மா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். கடற்கரைப் பக்கம் சங்கு, பாசிமணி, மெழுகுவர்த்தி விற்கிற கடை. அப்பா போட்டில் போகிறவர். தம்பிக்கு நான்கு வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு நிலையத்தில் சேர்த்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், கூட்டமான பஸ்ஸில் காதைப் பொத்திக்கொண்டு போய் வருவான். இரண்டு வருடம். நகை அடகுக்குப் போனது. பலன் இல்லையா என்றால் இருந்தது. மிருகம், பழம், கலர், வாகனம் என்று கார்டு காட்டினால் அறுபது எழுபது பேர் சொல்வான். "வாட் இஸ் யுவர் நேம்?" என்று அந்த மிஸ் கேட்டால் பெயரும் சொல்வான்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் என்றால் என்ன கூட்டம் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடந்தே வருகிற காவி உடைக் கூட்டம், வேன், தற்காலிகக் கடைகள், ஒலிபெருக்கி. காணாமல் போன பிள்ளைகளை மைக்கில் அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த நாளில் தம்பி கடையிலிருந்து நழுவிவிட்டான். வாணவெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறான். இரண்டேகால் மணி நேரம். அவன் அம்மா முதலில் ஓடியது கடலைப் பார்த்து. 2004 டிசம்பரைப் பார்த்த ஊர் இது. இங்கே பிள்ளையைக் காணோம் என்றால் எல்லோரும் முதலில் திரும்புவது அந்தப் பக்கம்தான்.

அவன் இருந்தது பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், ஒரு போலீஸ்காரரிடம். அந்த மனிதர் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். "உன் பேர் என்ன?" "உன் பேர் என்ன." "உங்க அம்மா பேர் என்ன?" "அம்மா பேர் என்ன." அப்புறம் தம்பி தானாகவே "குட் ஜாப்! ஹைஃபை!" என்று கையை நீட்டியிருக்கிறான். போலீஸ்காரரும் சிரித்துக் கையைத் தட்டிவிட்டு பிஸ்கட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வெளியூர்க்காரப் பிள்ளை, தமிழ் தெரியாது என்று நினைத்து இந்தியிலும் தெலுங்கிலும் அறிவிக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் தமிழ் அறிவிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம்! கடைசியில் எங்கள் தெருவில் பூ விற்கிற அம்மா அவன் சட்டையைப் பார்த்து அடையாளம் கண்டு கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் ஒரே மூச்சில் குடித்தான். அத்தனை நேரமும் தாகம். அவன் மேசையில் ‘வாட்டர்’ என்று ஒரு கார்டு உண்டு, அதைச் சரியாகச் சொல்வான். தாகம் எடுத்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்பது அவனுக்குத் தெரியாது. யாரும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

நான் சண்டை போடுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். பேர் சொல்வதும் கேட்பதும் ஒன்று இல்லை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எந்த ஸ்கின்னர் பேரைச் சொல்லி இந்த நிலையங்கள் நடக்கின்றனவோ அவரே 1957இல் ‘வெர்பல் பிஹேவியர்’ என்ற புத்தகத்தில் எழுதினார். ஒரே சொல், ஆனால் வேலை வேறு. தாகத்தில் ‘தண்ணி’ என்பது ஒரு வேலை. அதற்கு அவர் வைத்த பெயர் மேண்ட். குளத்தைப் பார்த்து ‘தண்ணி’ என்பது வேறு வேலை, அது டாக்ட். இன்னொருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது மூன்றாவது. நமக்கு இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு ஒட்டுவதில்லை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. மேண்டில் கூலி அந்தப் பொருளே. தண்ணீர் கேட்டால் தண்ணீர் கிடைக்கும், பிள்ளைக்கு உடனே லாபம். டாக்டில் கூலி ‘குட் ஜாப்’. அந்தப் பாராட்டு பெரியவர்களாகிய நமக்குத்தான் இனிக்கிறது, அவனுக்கு அது வெறும் சத்தம். அதனால்தான் சாக்லேட்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த முறையைச் சரியாகப் படித்தவர்கள் கேட்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் கேட்பதை வீடியோ எடுத்தால் எடுபடாது. அழுக்குச் சட்டையோடு ஒரு பிள்ளை டப்பாவைத் தூக்கி வந்து ‘தொற’ என்று சொல்வதை யார் ஷேர் செய்வார்கள்? ஐம்பது கார்டு ஷேர் ஆகும்.

"இது அமெரிக்காவில் நிரூபிச்சது டீச்சர், பாதிப் பிள்ளைங்க நார்மல் ஆயிட்டாங்க" என்று குழுவில் ஒருவர் எழுதினார். அவர் சொல்வது லோவாஸ் என்பவர் கலிபோர்னியாவில் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வு. 19 பிள்ளைகள், வாரத்துக்கு 40 மணி நேரம், இரண்டு வருடமோ அதற்கு மேலோ. அதில் 9 பேர் சாதாரண வகுப்பில் சாதாரணப் பிள்ளைகள் போலப் படித்தார்கள். 47 சதவீதம். நிலைய விளம்பரங்களில் ‘பாதிப் பேர்’ என்று வருவது இங்கிருந்துதான். எந்தப் பிள்ளை எந்தக் குழுவில் என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை, பயிற்சி கொடுக்க ஆள் கிடைத்ததைப் பார்த்துப் பிரித்தார்கள் என்ற விமரிசனத்தை விளம்பரத்தில் போட மாட்டார்கள். உரத்து ‘நோ’ என்று அதட்டுவதும் சில நேரம் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தது என்பதையும் போட மாட்டார்கள். 1965இல் ‘லைஃப்’ பத்திரிகை அதே மனிதரின் கூடத்தில் எடுத்த படங்களை வெளியிட்டபோது, தலைப்பிலேயே அலறலும் அறையும் இருந்தன. என் பிரம்பு மட்டும் தனி இல்லை போலிருக்கிறது.

ஆனால் அதே லோவாஸ், தன் கூட்டாளிகளோடு 1973இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வை ஒருவரும் பேசுவதில்லை. பயிற்சி முடிந்து ஒரு வருடத்திலிருந்து நான்கு வருடம்வரை கழித்துப் பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தார்கள். காப்பகத்துக்குத் திரும்பிய பிள்ளைகள் கற்றதை இழந்திருந்தார்கள். பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகள் தக்கவைத்தார்கள், மேலும் முன்னேறினார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் இது. அப்படியிருக்க, எங்கள் தெருப் பையனின் அம்மாவை அந்த நிலையத்தில் இரண்டு வருடமும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "நீங்க உள்ள வந்தா அவன் கோஆப்பரேட் பண்ண மாட்டான்" என்றார்களாம். இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் நோட்டில் சதவீதம் எழுதிக் கொடுப்பார்கள். ‘அனிமல்ஸ் 80%’. அவள் அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்து, "இது பாஸா டீச்சர்?" என்று கேட்டாள்.

அடுத்தது பாஷை. இதில் எனக்குக் கோபம் இன்னும் அதிகம்.

"வீட்ல ஒரே லாங்வேஜ் பேசுங்க, இங்கிலீஷ்ல பேசுங்க, ரெண்டு பாஷை பேசுனா குழம்பிடுவான்" என்று தம்பி வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். அவன் அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘நோ’. இரண்டு வருடம் அந்தத் தாய் தன் பிள்ளையோடு இந்த நான்கு சொல்லில் குடும்பம் நடத்தினாள். அவன் அப்பாயி அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். "நான் பேசுனா புள்ளைக்கு ஆகாதாம்" என்று திண்ணையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் கிழவி ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சில் பத்துப் பிள்ளைகள் பேசக் கற்றுக்கொள்ளும். இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் ஆட்டிசம் பிள்ளைகளின் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அப்படியே ஒரே பாஷைதான் என்றாலும் அது தாய் பாஷையாக இருக்க வேண்டாமா? அவன் தொலைந்துபோனால் ஊர் தேடுவது தமிழில்தானே?

தமிழில் சொல்லித் தருகிறோம் என்கிற இடத்திலும் கூத்து நடக்கிறது. ஒரு அம்மா எனக்குக் காட்டிய பயிற்சித் தாளில் ‘நான் வேண்டும் தண்ணீர்’ என்று மூன்று கட்டம். இங்கிலீஷில் ‘ஐ வாண்ட் வாட்டர்’, அதை அப்படியே கட்டத்துக்குக் கட்டம் மாற்றி வைத்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த எந்த ஜீவன் இப்படிப் பேசும்? நம் மொழியில் ‘எனக்குத் தண்ணி வேணும்’. அந்த ‘எனக்கு’கூட அவசியமில்லை. ‘தண்ணி வேணும்’ போதும். நான், நீ குழப்பம் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய தலைவலி. இங்கிலீஷில் ‘ஐ’யை விட்டுவிட்டுப் பேசினால் குறை, தமிழில் விட்டால் குறையே இல்லை. நம் மொழி தானாகக் கொடுக்கிற சலுகை அது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இல்லாத கஷ்டத்தை இறக்குமதி செய்கிறார்கள்.

இன்னொன்று, ‘வேண்டும்’ என்று அச்சடிக்காதீர்கள். வீட்டில் யார் ‘வேண்டும்’ என்கிறார்கள்? அவன் காதில் விழுவது ‘வேணும்’. ‘நீர்’, ‘உணவு’, ‘கழிவறை’ என்று கார்டு. அவன் வீட்டில் தண்ணி, சோறு, பாத்ரூம். எழுத்துத் தமிழை முப்பத்துநாலு வருடம் சொல்லிக் கொடுத்தவள் சொல்கிறேன், ஐந்து வயதில் பேச்சு வராத பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இன்னொரு அந்நிய மொழிதான். அது பிறகு வரட்டும்.

திருப்பிச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தம்பிக்கு பிஸ்கட் வேண்டும் என்றால் "பிஸ்கட் வேணுமா?" என்பான். அவன் நம்மைக் கேட்கவில்லை. பிஸ்கட் வருவதற்கு முன் தினமும் அந்தச் சத்தம் வருகிறது, அதனால் அந்தச் சத்தம்தான் பிஸ்கட்டைக் கூப்பிடும் மந்திரம் என்று எடுத்துக்கொண்டான். ரொம்பச் சரியான கணக்கு. அவனைத் திருத்துவதைவிட நாம் மாறுவது சுலபம். கேள்வியாகக் கேட்காமல், அவன் சொல்ல வேண்டிய மாதிரியே "பிஸ்கட் வேணும்" என்று நாம் சொல்லிக் கொடுத்தால், அவன் திருப்பிச் சொல்வதே சரியான வாக்கியமாகிவிடும். ஒரு எழுத்து, அந்த ‘ஆ’ மட்டும் போக வேண்டும். இதற்கு என்ன மெஷின் வேண்டும், என்ன ஏசி ரூம் வேண்டும்?

அப்புறம் ‘கையைக் கட்டு, கண்ணைப் பார், ஆடாதே’. வீடியோவில் அந்தப் பிள்ளை இரண்டு தடவை கையை உதறியது, இரண்டு தடவையும் அந்தப் பெண் கையைப் பிடித்து மேசையில் அழுத்தியது. யாரும் கவனிக்கவில்லை. நமக்கு அது தப்பாகத் தெரியாது, ஏனென்றால் நம் பள்ளிக்கூடமே கை கட்டி வாய் பொத்தி உட்கார வைத்த இடம். ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர், கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது வலியாக இருந்தது, பார்த்தால் கேட்க முடியாது, கேட்டால் பார்க்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்த முறையையே கொடுமை என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. படிகளாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது, முதலில் கை கொடுத்து அப்புறம் மெல்லக் கையை எடுப்பது, சரியாகச் செய்தவுடன் பலன் கிடைக்கச் செய்வது, இதெல்லாம் நல்ல கற்பித்தல்தான். செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி கார்டு வைத்து நாமும் அதைத்தான் செய்தோம். என் கேள்வி வேறு. சொன்னதைச் செய்யும் பிள்ளையை உருவாக்கிவிட்டு, ‘வேணாம்’ என்று சொல்லக் கற்றுக் கொடுக்காமல் விட்டால், நாளைக்கு யார் எதைச் சொன்னாலும் அவன் செய்வான். யார் எங்கே தொட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பெற்றவர்கள் இதை ஒரு நிமிடம் யோசியுங்கள். மேலே நான் விளக்கமாக எழுத விரும்பவில்லை.

கொடியேற்றத்துக்கு மறுவாரம் தம்பி அம்மா நிலையத்தை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை, கடன் நிறுத்தியது. வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்பு ஆசிரியரிடம் பேசினோம். அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ ஊர், எத்தனையோ பிள்ளை; மாதத்தில் சில நாள்தான் வர முடியும். ஆனால் வந்த அன்று அம்மாவையும் அப்பாயியையும் என்னையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்ணிடம்தான் நான் இந்த வயதில் படித்தேன்.

என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. முறுக்கு டப்பாவை அவனுக்குத் தெரிகிற உயரத்தில், எட்டாத இடத்தில் வைத்தோம். மூடியை இறுக்கினோம். ஊஞ்சலை ஆட்டிவிட்டு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டோம். காத்திருந்தோம். காத்திருப்பதுதான் கஷ்டம். அம்மாக்கள் காத்திருக்க மாட்டார்கள், பிள்ளை முகத்தைப் பார்த்தே எல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைக்கு வாய் திறக்க அவசியமே வராது. பத்து எண்ணிவிட்டு, "முறுக்கு வேணும்" என்று ஒரு தடவை மெல்லச் சொல்லி, அவன் ‘மு’ என்றாலும் உடனே கொடுத்தோம். பிள்ளை எதை விரும்பிப் போகிறதோ அந்த இடத்தில், அந்த நேரத்தில் சொல்லைச் சொல்லிக் கொடுப்பது. இதற்கும் பேர் உண்டு, ஹார்ட், ரிஸ்லி என்ற இரண்டு பேர் 1975லேயே பாலர் பள்ளியில் செய்து எழுதியிருக்கிறார்கள். இதுவும் அதே நடத்தையியல் குடும்பம்தான். மேசையும் கார்டும் மட்டும்தான் சயின்ஸ் என்று நினைக்கிற குழு நண்பர்கள் கவனிக்க.

‘வேணாம்’ என்பதையும் அப்படியே. அவனுக்குப் பிடிக்காத பாகற்காயை நீட்டுவோம். தட்டிவிடும் முன் "வேணாம்" என்று சொல்லிக் கொடுத்து, சொன்னவுடன் எடுத்துவிடுவோம். சொன்ன பிறகும் "ஒரு வாய் சாப்பிடு கண்ணா" என்று அப்பாயி ஊட்டப் போனார்கள். அவர்களுக்குப் புரிய வைக்கத்தான் ஒரு மாதம் ஆயிற்று. அவன் வேணாம் என்றால் வேணாம்தான் என்று ஆன பிறகு, தட்டு பறப்பதும் கடிப்பதும் பாதியாகக் குறைந்தது. ‘பிஹேவியர் ப்ராப்ளம்’ என்று அந்த நோட்டில் எழுதியிருந்தது பாதியும் அவன் ‘வேணாம்’ சொன்னதுதான், வாய் இல்லாமல்.

படக் கார்டும் வைத்தோம், ஆனால் வேறு மாதிரி. தண்ணீர்ப் படத்தை அவன் எடுத்து வந்து நம் கையில் கொடுத்தால் தண்ணீர் கிடைக்கும். 1985இல் அமெரிக்காவில் பாண்டியும் ஃப்ராஸ்டும் உருவாக்கிய முறை. "படம் காட்டிப் பழகினா பேசவே மாட்டான்" என்று உறவினர்கள் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. படம் பேச்சைக் குறைக்காது, சில பிள்ளைகளுக்குப் பேச்சு வரவும் உதவுகிறது. பேச்சே வராவிட்டாலும் கேட்கத் தெரிந்திருக்கிறதே, அது போதாதா? நம் சென்னையிலேயே அஜித் நாராயணன் என்பவர் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து ‘ஆவாஸ்’ என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது பேசும். இப்போது செயலியாகத் தமிழிலும் இருக்கிறது. நம் ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாததற்கு ஜனங்கள் காரணம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே இல்லை, எண்ணவே இல்லை. 2016 சட்டத்தில் 21 குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தார்கள். சட்டம் வந்துவிட்டது, சரி. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்கள் என்று பேப்பரில் வருவதும், கடைமடையில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் ஒன்றா? முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம் இருக்கிறது, சென்னையில் பழைய நல்ல அமைப்புகள் இருக்கின்றன. இங்கிருந்து ஒரு மெழுகுவர்த்திக் கடைக்காரி வாரத்துக்கு ஐந்து நாள் சென்னை போக முடியுமா? அந்த இடைவெளியில்தான் போர்டு மாட்டிய நிலையங்கள் முளைக்கின்றன. எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. மனசாட்சியோடு உழைக்கிறவர்களை எனக்கும் தெரியும். ஆனால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. டாக்டர் போர்டில் பதிவு எண் பார்க்கிறோம் இல்லையா?

அரசுக்கும் ஒரு குட்டு. நம் தாள்களில் இந்தப் பிள்ளைகளைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுகிறார்கள். மூன்று வீடு தள்ளிக் குக்கர் விசில் அடிக்கும் முன்பே காதைப் பொத்துகிறவனுக்குப் புற உலகம் இல்லையாம். தயவுசெய்து அந்தச் சொல்லை எடுங்கள்.

மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளியில் நாக்கு செய்து வைக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. தம்பி அம்மாவும் வைத்தாள், கூட நானும் போனேன். நேர்த்திக்கடன் யாரிடமும் மாதச் சந்தா வாங்கவில்லை, அப்பாயியை வாயை மூடு என்று சொல்லவில்லை.

இப்போது தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். குணமாகிவிட்டானா என்றால் இல்லை. இது குணமாகிற நோயும் இல்லை. இரண்டு வருடத்தில் தானாகக் கேட்கிற சொல் இருபதுக்குக் கொஞ்சம் மேல். தண்ணி வேணும், முறுக்கு வேணும், தொற, ஆட்டு, போதும், வலிக்குது, சத்தம் வேணாம். மற்றதற்குப் படம். பெயரை யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தெருவில் பூக்கார அம்மா, பால்காரர், டீக்கடை, எல்லோரிடமும் கேட்கச் சொல்லி வைத்தோம். மேசையில் ஒருவரிடம் நூறு தடவை சொல்வதைவிட, நூறு பேரிடம் ஒரு தடவை சொல்வது பெரிய விஷயம். பத்தில் ஏழு தடவை சொல்கிறான். மீதி மூன்று தடவைக்காகச் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய அட்டை. போன கொடியேற்றத்துக்கு அவனை நான்கு நாள் முன்னாடியே அம்மாச்சி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், அதுவும் ஒரு வழிதான்.

அந்த ஐம்பது கார்டு பழையபடி எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. ஒரு நாள் சும்மா ஆப்பிள் கார்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "வேணாம்" என்றான்.

வீடியோ போட்ட குழு நண்பருக்கு: அந்தப் பிள்ளையின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டும் முன் அவனிடம் யாரும் கேட்டார்களா? அடுத்த முறை அந்த நிலையத்துக்குப் போன் செய்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். தாயை உள்ளே விடுவீர்களா? வீட்டுப் பாஷையில் சொல்லித் தருவீர்களா? பிள்ளை வேணாம் என்றால் நிறுத்துவீர்களா? பதிலை எனக்கும் அனுப்புங்கள்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் சனி, ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வரலாம். சிறப்பு ஆசிரியர் எந்த வாரம் வருகிறார் என்று முன்னாடியே சொல்கிறேன். காசு வேண்டாம். பாட்டியைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். முறுக்கு டப்பா நீங்களே கொண்டுவர வேண்டும், எங்கள் வீட்டில் காலி.